மூக்குக்கண்ணாடியை முதலில் செய்தவர் யார்?

(ஆரணியில் நெசவாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த அவையில் பாதிப் பேருடைய மூக்கின் மேல் இருக்கிறது. இரண்டு வில்லைகள், அவற்றைப் பிடித்து நிறுத்த ஒரு சட்டம். காதில் மாட்டும் கம்பியெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தது. அவ்வளவு எளிய கருவி மூக்குக்கண்ணாடி. ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. பைசா நகரம் எங்களுடையது என்றது. பிளாரன்ஸ் எங்களுடையது என்றது. வெனிஸும் பங்கு கேட்டது. சீனாவுக்கே உரியது என்று நம்பியவர்கள் பலர். இந்தியாவிலிருந்துதான் போனது என்று எழுதியவர்களும் உண்டு. இந்த வழக்கை உங்கள் முன் வைத்து, ஒவ்வொரு தரப்பும் காட்டும் சான்றை எடைபோட்டு, என் தீர்ப்பைச் சொல்லப்போகிறேன். அதிலிருந்து இந்த ஊருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு.

கண்ணும் தறியும்

இந்தப் பேச்சை ஆரணியில் வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பட்டு நெசவில் கைக்குச் சமமாகக் கண் உழைக்கிறது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைத் தறியில் ஏற்றும்போது நடக்கும் பிணைப்பு வேலையை நினைத்துப் பாருங்கள். பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியோடு சேர்த்து, விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வரிசையில் ஓர் இழை மாறினாலும் அந்தப் பிழை சேலையின் நீளம் முழுவதும் கோடாக ஓடும். கோர்வைக் கரை நெய்யும்போது, உடலும் கரையும் சேரும் இடத்தில் ஊடை சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். நெய்துகொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால், அது எந்த விழுதில் இருந்தது, பன்னையின் எந்தப் பல்லுக்குள் போக வேண்டும் என்று தேடிப்பிடித்துக் கோக்க வேண்டும். பட்டு இழையின் பருமன் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது. கண்ணுக்குள் இயற்கையாக அமைந்திருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது அது சற்று உப்பிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்த வில்லை இறுகுகிறது, உப்ப மறுக்கிறது. அதனால்தான் செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறோம். இது நோயன்று. மன்னனுக்கும் வரும், மறையோதுபவருக்கும் வரும், நெசவாளிக்கும் வரும். கொடுமை என்னவென்றால், கை முழுத் தேர்ச்சி பெற்றுவிட்ட வயதில் கண் பின்வாங்கத் தொடங்குகிறது. மூக்குக்கண்ணாடி வருவதற்கு முன், ஒரு நுண்வினைஞரின் தொழில் ஆயுள் அநேகமாக அந்த வயதோடு சுருங்கிவிட்டது.

இதன் மதிப்பை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அசாமின் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, போடாதவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் இந்த முடிவு வெளிவந்தது. கொழுந்து பறிப்பவருக்கே இவ்வளவு என்றால், பட்டிழை பிணைப்பவருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை கோடிப் பேருடைய உழைப்பு நாளை நீட்டித்த ஒரு பொருளை யார் கொடுத்தார்கள் என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது. அது நன்றி சொல்ல முகவரி தேடுவது.

எதை நிறுவ வேண்டும்?

வழக்குக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வில்லை வேறு, மூக்குக்கண்ணாடி வேறு. நடு தடித்து ஓரம் மெலிந்த பளிங்குத் துண்டு உலகில் மிகப் பழையது. 1850-இல் ஆஸ்டன் ஹென்றி லேயார்டு என்பவர் இன்றைய இராக்கில் உள்ள நிம்ருத் என்ற பழைய அசீரிய நகரைத் தோண்டியபோது அப்படி ஒரு பளிங்கு வில்லை கிடைத்தது. கிறிஸ்துவுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வைத்துப் பொருளைப் பெரிதாக்கிப் பார்த்தார்களா, தீ மூட்டினார்களா, ஆசனத்தில் அலங்காரமாகப் பதித்தார்களா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வில்லை கையில் இருக்கிறது. அதன் பயனுக்குச் சான்று இல்லை.

ஒளியின் இயல்பைப் பற்றிய அறிவும் பழையதே. 1040-ஐ ஒட்டி மறைந்த அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஒளியியல் பற்றிப் பெருநூல் எழுதினார். அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலத் துறவி ராஜர் பேக்கன் 1267-ஐ ஒட்டி எழுதிய நூலில், எழுத்தின் மேல் பளிங்குத் துண்டை வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும், கண் மங்கிய முதியோருக்கு அது உதவும் என்று குறித்தார். புத்தகத்தின் மேல் கல்லை வைத்துப் பார்ப்பது வரை வந்தாயிற்று. ஆனால் அந்தக் கல்லை மெல்லிய வில்லையாக்கி, கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, இரண்டாக்கி, சட்டத்தில் பூட்டுவது அடுத்த படி. அந்தப் படியை ஏறியவர் யார் என்பதே நம் வழக்கு.

அந்தப் படி ஏன் பெரியது? உங்களில் யாராவது இரண்டு டயாப்டர் பார்வை எண் உள்ள வெள்ளெழுத்துக் கண்ணாடி வைத்திருந்தால், வெளியே போய் வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெயில் ஒரு புள்ளியாகக் குவியும் இடம் கண்ணாடியிலிருந்து சரியாக அரை மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு குறைந்த வளைவு அது. கையால் தடவினால் தட்டை என்றே தோன்றும். தடித்த உருண்டைக் கல்லைச் செய்வது எளிது. தட்டை போலத் தோன்றினாலும் சீராக வளைந்த இரண்டு வில்லைகளை ஒன்றுபோல் ஒன்று இழைப்பது கடினம். அது ஏட்டறிவால் வருவதன்று. சாணையில் பல ஆண்டு உட்கார்ந்த கைக்கே வரும்.

இத்தாலியின் சான்றுகள்

1306 பிப்ரவரி 23. பிளாரன்ஸ் நகரத்து சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் ஜியோர்டானோ என்ற பைசா நகரத் துறவி பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டவர்கள் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்பில் அவர் சொன்னதாக இருக்கும் செய்தி இது: நன்றாகப் பார்க்க உதவும் கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லை; அதை முதலில் செய்தவரை நான் பார்த்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். இருபதைக் கழித்தால் 1286-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் அந்த மனிதரின் பெயரை ஜியோர்டானோ சொல்லவில்லை.

அதே காலத்தில் பைசாவில் அலெசாந்திரோ டெல்லா ஸ்பினா என்றொரு துறவி வாழ்ந்தார், 1313-இல் மறைந்தார். அவருடைய மடத்துக் குறிப்பேடு அவரைப் பற்றி எழுதிவைத்தது நம் நெஞ்சில் நிற்க வேண்டியது. கண்ணாடியை முதலில் செய்தவர் வேறொருவர்; அவர் அந்த வித்தையைப் பிறருக்குச் சொல்ல மறுத்தார்; ஸ்பினா அதைப் பார்த்துத் தாமே செய்துகொண்டு, மலர்ந்த மனத்தோடு எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். இந்தச் செய்திக்கு உரையின் முடிவில் மறுபடி வருகிறேன்.

வெனிஸில் கிடைப்பது சட்டம். அங்கே பளிங்குக் கைவினைஞர் சங்கத்தின் விதிகள் 1300-ஆம் ஆண்டிலேயே, கண்ணுக்கான வில்லைகள் உள்ளிட்ட பொருள்களில் வெறும் கண்ணாடியைப் பளிங்கு என்று சொல்லி விற்கக் கூடாது என்று தடுத்தன. கலப்புப் பட்டைத் தூய பட்டென்றும் போலிச் சரிகையை வெள்ளிச் சரிகையென்றும் விற்பதைக் கண்டு நீங்கள் கொதிப்பது போல, அந்தக் கைவினைஞர்களும் கொதித்திருக்கிறார்கள். போலியைத் தடுக்க விதி வேண்டியிருந்தது என்றால், சந்தையில் சரக்கு தாராளமாகப் புழங்கியது என்று பொருள். 1352-இல் தொமாசோ டா மொதேனா என்ற ஓவியர் திரெவிசோ நகரில் வரைந்த சுவரோவியத்தில், எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கர்தினாலின் மூக்கில் கண்ணாடி தெளிவாகத் தெரிகிறது. 1462-இல் மிலான் நகரத்துச் சிற்றரசர் பிளாரன்ஸிலிருந்து மூன்று டஜன் கண்ணாடி கேட்டுக் கடிதம் எழுதினார். அதில் தூரப் பார்வைக்கு ஒரு டஜன், கிட்டப் பார்வைக்கு ஒரு டஜன் என்று பிரித்தே கேட்டார். பிரசங்கம், மடத்துக் குறிப்பு, சங்க விதி, ஓவியம், வணிகக் கடிதம் என ஐந்து வகைச் சான்று. வெவ்வேறு கைகளால் எழுந்தவை. முதல் மூன்றும் ஒரே காலத்தையும், எல்லாமும் ஒரே நிலத்தையும் காட்டுகின்றன. வரலாற்றில் இதைவிட உறுதியான நிலை அரிது.

இவ்வளவு இருந்தும் ஊர்ப்பெருமை சும்மா இருக்கவில்லை. 1684-இல் பெர்தினாந்தோ லெயோபோல்தோ தெல் மிலியோரே என்ற பிளாரன்ஸ்காரர், சால்வினோ தெலி அர்மாத்தி என்பவரே மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தார் என்று எழுதினார். 1317-இல் இறந்த அவருடைய கல்லறை வாசகம் அப்படிச் சொன்னதாகவும், அந்தக் கல்லறை பிற்காலத்தில் அழிந்துவிட்டதாகவும் சொன்னார். பிளாரன்ஸ் நகரம் மகிழ்ச்சியோடு நம்பியது. 1841-இல் நினைவுக்கல்லே நாட்டினார்கள். பாடநூல்களும் கலைக்களஞ்சியங்களும் அந்தப் பெயரை உலகெங்கும் பரப்பின. 1920-இல் இசிதோரோ தெல் லுங்கோ என்ற அறிஞர், அவரும் இத்தாலியர்தான், ஆவணங்களைத் துருவிப் பார்த்து அந்தக் கதை முழுக்கப் புனைவு என்று காட்டினார். 1956-இல் எட்வர்டு ரோசன் என்ற அமெரிக்க வரலாற்றறிஞர் எல்லாச் சான்றுகளையும் மறுபடி சலித்துச் சால்வினோவை வரலாற்றிலிருந்து நீக்கினார். ஆனாலும் பழைய வினாடி வினாப் புத்தகங்களில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. ஒரு பொய்யை நாட்ட ஒரு பக்கம் போதுமாயிருந்தது. பிடுங்க இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சீனமும் இடைச்செருகலும்

சீனாவின் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு நூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில், சோங் அரச மரபின் காலத்தில் சாவோ சிகு என்பவர் எழுதிய நூலில் மூக்குக்கண்ணாடி பற்றிய குறிப்பு இருப்பதாகக் கருதப்பட்டது. ஜெர்மனியில் பிறந்த கீழ்த்திசை அறிஞர் பெர்தோல்டு லாஃபர் 1907-இல் அதை நம்பி, கண்ணாடி ஐரோப்பாவுக்கு முன்பே ஆசியாவில் இருந்தது, அது பிறந்த இடம் பெரும்பாலும் இந்தியாதான் என்று எழுதினார். இந்தியாவைச் சொன்னவர் ஒரு வெளிநாட்டறிஞர் என்பதால் நம்மவர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

பின்னர் அந்தச் சீன நூலின் பல படிகளை ஒப்பிட்டார்கள். பழைய படிகளில் கண்ணாடி பற்றிய பகுதியே இல்லை. மிங் அரச மரபின் காலத்தில் யாரோ நுழைத்த இடைச்செருகல் அது. சீன அறிவியல் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி, சீனத்தின் பெருமைகளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜோசப் நீதாம். அவரே இந்த உரிமையைச் சீனத்துக்குத் தர மறுத்துவிட்டார். சுவடி பார்த்துப் பதிப்பித்த தமிழறிஞர்களின் பரம்பரையில் வந்த நமக்கு இது புதிதன்று. பாடபேதத்தையும் இடைச்செருகலையும் களையாமல் ஒரு நூலின் காலத்தைச் சொல்லக் கூடாது என்ற ஒழுக்கத்தை உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்து நாம் கற்று வந்திருக்கிறோம்.

விஜயநகரத்தில் ஒரு கண்ணாடி

இனி நம் நாட்டுச் சான்றுக்கு வருகிறேன். கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்டவர். அவர் போற்றிய துவைத மதாசாரியர் வியாசராயர், 1539-இல் மறைந்தவர், அவருடைய பிருந்தாவனம் ஹம்பிக்கு அருகே, ஆனெகுந்தியை ஒட்டிய ஆற்றுத் தீவில் இருக்கிறது. அவருடைய வரலாற்றைச் சோமநாதர் என்ற கவி ‘வியாசயோகி சரிதம்’ என்று வடமொழியில் பாடினார். அதில் வியாசராயர் கண்ணாடி அணிந்து சுவடி படிக்கும் காட்சி வருகிறது. ஏறத்தாழ 1520-ஐ ஒட்டிய செய்தி. புனே பண்டார்க்கர் ஆய்வு நிறுவனத்து அறிஞர் பி. கே. கோடே இத்தகைய குறிப்புகளைத் தேடித் தொகுத்தார். ரிஷி குமார் அகர்வால் 1971-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், இந்தச் சான்றை முன்வைத்து, வில்லையின் பயன்பாடு இந்தியாவில் தோன்றி அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

இதைப் படிக்கும்போது என் நெஞ்சும் பூரிக்கத்தான் செய்கிறது. எழுத்தாணியால் கீறி மை தடவிய நுண்ணிய எழுத்து, மங்கிய விளக்கு, வயது முதிர்ந்த ஆசாரியர், அவர் கண்ணில் கண்ணாடி. நம் மண்ணுக்கு இது அரிய பதிவு. ஆனால் தேதியைப் பாருங்கள். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிவிட்டார். 1510-இல் கோவா போர்த்துக்கீசியர் கைக்குப் போயிற்று. குதிரை வணிகத்தால் அவர்களுக்கும் விஜயநகரத்துக்கும் நெருக்கமான தொடர்பு இருந்தது. தொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர் 1520-ஐ ஒட்டி விஜயநகரத்தில் இருந்து நகரைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். வியாசராயரின் கண்ணாடி ஐரோப்பாவிலிருந்து வந்திருக்க வழி தாராளமாக இருந்தது.

தரைவழியும் திறந்தே இருந்தது. 1492-இல் மறைந்த பாரசீகக் கவி ஜாமி, இன்றைய ஆப்கானிஸ்தானத்து ஹேராத்தில் வாழ்ந்தவர். தம் முதுமையில், பரங்கியர் நாட்டுக் கண்ணாடி இல்லாமல் தம் கண்கள் உதவுவதில்லை என்று பாடலில் குறித்தார். இத்தாலியிலிருந்து மத்தியக் கிழக்குக்குக் கண்ணாடிகளைச் சரக்காக அனுப்பிய கணக்கும் கிடைத்திருக்கிறது. அக்பர் காலத்தில் மீர் சையது அலி வரைந்த தம் தந்தையின் ஓவியத்திலும் கண்ணாடி இருக்கிறது. நான் இங்கே காட்டிய இந்த ஆசியச் சான்றுகள் எல்லாம் 1286-க்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு பின்னால்தான் தொடங்குகின்றன. அவற்றுள் பழமையான ஜாமியின் சான்றே பரங்கியர் நாட்டைக் கைகாட்டுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. மூக்குக்கண்ணாடி 1286-ஐ ஒட்டி, இத்தாலியில், பெரும்பாலும் பைசா வட்டாரத்தில் பிறந்தது. இந்தியாவின் உரிமை இன்றுள்ள சான்றுகளால் நிறுவப்படவில்லை. நாளை தேதி உறுதியான ஒரு சுவடியோ அகழாய்வுப் பொருளோ கிடைத்தால் தீர்ப்பைத் திருத்தி எழுதலாம். அதுவரை சால்வினோவின் கதையை நாமும் ஒரு முறை எழுத வேண்டாம்.

வல்லத்துக் கல்

இப்படிச் சொன்னதும் சிலர் முகம் வாடுகிறது. வாட வேண்டியதில்லை. முதலில் செய்தவர் நாம் என்று சொல்ல முடியாவிட்டாலும், நன்றாகச் செய்தவர் நாம் என்று உறுதியாகச் சொல்லலாம். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், சங்ககாலத்தைச் சேர்ந்த மணித்தொழில் கூடங்கள் அகழாய்வில் வெளிப்பட்டன. பளிங்கையும் பச்சைக்கல்லையும் நீலக்கல்லையும் அறுத்து, இழைத்து, துளையிட்டு மணியாக்கியிருக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலும் அதே தொழில். பளிங்கை வசப்படுத்திய கை தமிழகத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

அந்தக் கைத்திறனின் தொடர்ச்சியாகத் தஞ்சாவூருக்கு அருகில் உள்ள வல்லத்துக் கல் கண்ணாடியைப் பார்க்கிறேன். வல்லத்து மண்ணில் கிடைக்கும் பளிங்குக் கல்லை வில்லையாக இழைத்துச் செய்த மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காலத்தில் பெரும் பெயர் இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் ‘குளிர்ந்த கண்ணாடி’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முதலில் குறை இல்லாத கல்லைத் தேர வேண்டும். உள்ளே கீற்றோ மேகம் போன்ற மங்கலோ இருந்தால் அது வில்லைக்கு ஆகாது. பளிங்குக்கு ஓர் இயல்பு உண்டு. அதன் படிக அச்சுக்குச் சாய்வாக அறுத்தால், உள்ளே போகும் ஒளி மெல்ல இரண்டாகப் பிரியும். அச்சுக்கு நேர் குறுக்காக அறுத்தால் பிரியாது. பிறகு சாணை. பளிங்கின் கடினம் மோஸ் அளவில் 7; குருந்தக் கல்லின் கடினம் 9. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் செய்த சாணைச் சக்கரத்தில் வைத்து இழைத்தால்தான் பளிங்கு வழிக்கு வரும். முதலில் பருபொடி, பிறகு நுண்பொடி, கடைசியில் மெருகு. அளவுக்கு மேல் ஒரு சுற்று இழைத்தால் வளைவு மாறி, பார்வை எண் மாறிவிடும். இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதன் பயன் என்ன? சாதாரணக் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய ஐந்தரை. தெருப் புழுதியில் இருக்கும் மணல் துகள் பளிங்கின் இனம். அதனால் வேட்டி நுனியால் துடைத்தாலே கண்ணாடி வில்லை கீறிப்போகும். கல் வில்லை எளிதில் கீறாது. தாத்தாவின் கண்ணாடி பேரன் காலம் வரை பளபளப்பாக இருந்ததன் காரணம் இதுவே. தொட்டால் குளிர்ச்சியாக இருப்பது, பளிங்கு வெப்பத்தை விரைந்து கடத்துவதால். அந்தக் குளிர்ச்சி கண்ணைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. உழைப்பும் தேர்ச்சியும் உண்மையானவை. அந்தப் பெருமையே போதும்.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அதே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832) கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டு, நோயாளிகளின் நிலையையும் கொடுத்த சிகிச்சையையும் கண்ணின் ஓவியங்களோடு பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். நாற்பத்து நான்கு நோயாளிகளின் குறிப்பேடு சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டது. அதனால் இன்று கண் மருத்துவர்கள் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். ஆனால் சில மைல் தள்ளி வல்லத்துக் கல்லைச் சாணை பிடித்தவரைப் பற்றி ஓர் ஏடும் பேசவில்லை. ஊர்ப்பெயர் நின்றது, அந்தக் கைகளின் பெயர் நிற்கவில்லை. ஆலைக் கண்ணாடியும் பிளாஸ்டிக் வில்லையும் வந்தபின் அந்தத் தொழிலும் நலிந்தது. எந்தக் கல்லை எந்தப் பக்கம் அறுக்க வேண்டும் என்ற அறிவு அதை அறிந்தவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

இந்த ஊருக்கு ஒரு வேண்டுகோள்

பைசாவுக்குத் திரும்புவோம். முதலில் கண்ணாடி செய்த மனிதர் உலகுக்குப் பெரும் நன்மை செய்தார். ஆனால் வித்தையைத் தமக்குள் வைத்துக்கொண்டார். அவர் பெயரை ஏழு நூற்றாண்டாகத் தேடியும் காணோம். கற்றுக்கொடுத்த ஸ்பினாவின் பெயர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர் பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள்: அவர் பகிர்ந்தார், யாரோ ஒருவர் அதை எழுதிவைத்தார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நமக்கு அவரைத் தெரிந்திருக்காது.

எழுதிவைத்தால் பெயர் நிற்கும் என்பதற்கு ஆரணிக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் பதினாறாம் நூற்றாண்டின் பேரறிஞர். அவர் கட்டிய காளகண்டேசுவரர் கோயிலில் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவர் இயற்றிய நூலையும், வேலூர்ச் சின்னபொம்ம நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்ததையும், அவரிடம் பாடம் கேட்ட ஐந்நூறு மாணவர்களையும் அது சொல்கிறது. இன்று அதைப் பற்றி யாரும் வழக்காட முடியாது. கல்லில் இருக்கிறது. அதே காலத்தில் இதே வட்டாரத்தில் தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளி யார் என்று கேட்டால் கல்லும் சொல்லாது, ஏடும் சொல்லாது.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயருக்குள் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள்! ஜக்கார்டு பெட்டிக்கு ஏற்றபடி பழைய கரை வடிவத்தை முதலில் மாற்றிக் கொடுத்தவர் யார்? இந்தத் தெருவில் ஒரு புட்டாவை முதலில் நெய்தவர் யார்? சாயத்தில் அந்த நிறம் வர எதை எவ்வளவு சேர்த்தார்கள்? இன்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. இருபது ஆண்டு கழித்துக் கேட்டால் ஊருக்கு ஒரு கதை இருக்கும். எந்தக் கதைக்கும் சான்று இருக்காது.

ஆகவே மாணவ மாணவியரே, உங்களிடம் கேட்கிறேன். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மூத்த நெசவாளர் ஒருவரிடம் உட்காருங்கள். அவர் பெயர், பிறந்த ஆண்டு, யாரிடம் தொழில் கற்றார், எந்த ஆண்டு எந்த வடிவத்தை நெய்தார், கைநுணுக்கம் என்ன என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதுங்கள். தேதி போடுங்கள். ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் தொழில் ரகசியம் என்று மறைக்காதீர்கள். மறைத்தவர் பெயரை உலகம் மறந்தது. கற்றுக்கொடுத்தவர் பெயரை இன்றும் சொல்கிறோம். நாற்பது வயதைக் கடந்தும் இன்னும் கண் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி யார் கண்டுபிடித்ததாக இருந்தாலும் உங்களுக்கு உரியது.